கப்பன் பூங்கா: பெங்களூர்த் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வேலை கிடைத்துப் புதிதாகப் பெங்களூர் வந்து இறங்கும் உறவுக்காரப் பிள்ளைகளும், அல்சூரிலேயே பிறந்தும் பூங்காவின் கதை தெரியாமல் வளர்ந்த அடுத்த தலைமுறையும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. மரங்களைப் பற்றிய கேள்விகளைவிட மனிதர்களைப் பற்றியவைதான் அதிகம். பதில்களின் நீளமும் அப்படியே அமைந்துவிட்டது.

கப்பன் என்பவர் யார்? பூங்காவை அமைத்தது அவர்தானா?

இல்லை. அவர் இந்தப் பூங்காவைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. மார்க் கப்பன், மைசூரை ஆங்கிலேயர் தங்கள் கையில் எடுத்து ஆண்ட காலத்தில், 1834 முதல் 1861 வரை அதன் கமிஷனராக இருந்தவர். ராணுவத்தில் சேர்ந்து இந்தியா வந்து, கடைசி வரை திருமணம் செய்துகொள்ளாமல், வாழ்நாளில் பெரும்பகுதியை இங்கேயே கழித்தார். 1861இல் பதவியை விட்டுக் கப்பல் ஏறியவர், ஊர் போய்ச் சேராமல் வழியில் சூயஸில் இறந்துபோனார். பூங்கா உருவானது அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்குப் பின், 1870இல். திட்டமிட்டவர் மைசூர் அரசின் தலைமைப் பொறியாளர் ரிச்சர்ட் சாங்கி. சாங்கி ஏரிக்குப் பெயர் கொடுத்த அதே சாங்கிதான்.

அப்போது தற்காலிகக் கமிஷனராக இருந்த ஜான் மீட் என்பவரின் பெயரில் இது முதலில் மீட்ஸ் பார்க் ஆக இருந்தது. பிறகு கப்பன் பெயர் வந்து ஒட்டிக்கொண்டது. நான்காம் கிருஷ்ணராஜ உடையார் ஆட்சியின் வெள்ளி விழா ஆண்டான 1927இல், அவருடைய தந்தையின் நினைவாக ஸ்ரீ சாமராஜேந்திர பூங்கா என்று அரசு பெயர் மாற்றியது. அதுதான் இன்றுவரை அதிகாரப்பூர்வமான பெயர். ஆட்டோக்காரரிடம் அந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள். மைசூருக்கா போக வேண்டும் என்று கேட்பார்.

கப்பனின் குதிரை வீரர் சிலை நெடுங்காலம் உயர் நீதிமன்றத்தின் முன்னால் நின்றிருந்தது. 2020இல்தான் அதைப் பூங்காவுக்குள் கொண்டுவந்து வைத்தார்கள். தன் பெயர் கொண்ட பூங்காவுக்குள் நுழைய மனிதருக்கு நூற்றைம்பது ஆண்டுகள் பிடித்திருக்கின்றன.

ஊரின் நட்டநடுவில் இவ்வளவு பெரிய இடத்தை எப்படி விட்டுவைத்தார்கள்?

அப்போது அது ஊரின் நடு அல்ல. இரண்டு ஊர்களின் ஓரம். பெங்களூரைப் புரிந்துகொள்ள இந்த ஒன்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

மேற்கே கெம்பெ கௌடா 1537இல் மண்கோட்டை கட்டி நிறுவிய பேட்டை. சிக்பேட்டை, பளேபேட்டை, நகரத்பேட்டை எல்லாம் அங்கேதான். கிழக்கே ஆங்கிலேயர் 1809இல் ராணுவத்துக்காக அமைத்த கண்டோன்மெண்ட். நம்மவர்கள் வாயில் அது ‘தண்டு’. 1881இல் ஆட்சி மைசூர் மன்னரிடம் திரும்பியபோதும் தண்டை மட்டும் ஆங்கிலேயர் தங்கள் கையிலேயே வைத்துக்கொண்டார்கள். ஒரே பெயருடைய இரண்டு ஊர்கள், இரண்டு நகராட்சிகள், இரண்டு அரசாங்கங்கள். 1947இல்தான் தண்டு மைசூரோடு சேர்ந்தது. 1949இல் இரண்டும் ஒரே மாநகராட்சி ஆயின. இந்த இரண்டுக்கும் இடையில் கிடந்த மேட்டு நிலத்தில்தான் பூங்கா முளைத்தது.

தமிழர்கள் பெரும்பாலும் கிழக்குப் பக்கம். மதராஸ் ராணுவத்தோடு வந்த சிப்பாய்கள், அவர்களுக்குத் துணி தைத்தவர்கள், ரொட்டி சுட்டவர்கள், பங்களாக்களைக் கட்டிய கொத்தனார்கள், தானியம் விற்ற முதலியார்களும் செட்டியார்களும் என்று ஒரு கூட்டமே வந்து குடியேறியது. 1864இல் ஜோலார்பேட்டையிலிருந்து கண்டோன்மெண்ட் நிலையம் வரை ரயில் ஓடத் தொடங்கியதும் வருகை இன்னும் எளிதாகிவிட்டது. அல்சூர், அந்தக் காலத்தில் பிளாக்பள்ளி என்று அழைக்கப்பட்ட சிவாஜிநகர், மர்ஃபி டவுன், ஃப்ரேசர் டவுன் என்று வட ஆற்காட்டுத் தமிழ் ஒலித்த தெருக்கள் எல்லாம் பூங்காவுக்குக் கிழக்கே இருந்தன.

எங்கள் பாட்டி ‘ஊருக்குள் போய் வருகிறேன்’ என்று சொன்னால் பூங்காவைத் தாண்டிச் சிக்பேட்டைக்குப் போகிறாள் என்று பொருள். அவள் குடியிருந்த அல்சூர் அவள் கணக்கில் ‘ஊர்’ ஆகவில்லை. சோமேஸ்வரர் கோயில் ஆயிரம் ஆண்டுப் பெருமை பேசிக்கொண்டு தெருக்கோடியிலேயே நின்றிருந்தும் அந்த நினைப்பு மாறவில்லை.

விக்டோரியா மகாராணி சிலைதான் எல்லைக்கல் என்கிறார்களே, உண்மையா?

எல்லைக்கென்று வைத்த கல் அல்ல. ஆனால் எல்லையில்தான் வைத்தார்கள். தாமஸ் பிராக் என்ற சிற்பி செதுக்கிய சலவைக்கல் சிலை அது. 1906 பிப்ரவரி 5 அன்று, பிறகு ஐந்தாம் ஜார்ஜ் மன்னரான அன்றைய வேல்ஸ் இளவரசர் திறந்துவைத்தார். செலவில் ஒரு பங்கு பொதுமக்களிடம் திரட்டியது. பெரும்பங்கு மைசூர் மன்னர் கொடுத்தது. மகாத்மா காந்தி சாலையும் கஸ்தூரிபா சாலையும் சந்திக்கும் முனையில் இன்றும் நிற்கிறது. சிலையின் இருபுறமும் காந்தியும் கஸ்தூரிபாவும் சாலைகளாக ஓட, நடுவில் விக்டோரியா நிற்பதை யாரும் திட்டமிட்டிருக்க முடியாது. சற்றுத் தள்ளி 1919இல் வைத்த ஏழாம் எட்வர்ட் சிலையும் உண்டு. அதை நிமிர்ந்து பார்ப்பவர்கள் குறைவு, பார்க்காவிட்டாலும் நட்டமில்லை.

பூங்காவில் தமிழர்களின் கைவண்ணம் ஏதாவது உண்டா?

உண்டு. இரண்டு செந்நிறக் கட்டடங்களைச் சொல்கிறேன்.

முதலாவது அட்டாரா கச்சேரி, அதாவது இன்றைய கர்நாடக உயர் நீதிமன்றம். மைசூர் அரசின் பதினெட்டுத் துறைகளை ஒரே கூரையின் கீழ் கொண்டுவரக் கட்டியது. 1864இல் தொடங்கி 1868இல் முடிந்தது. வரைபடம் சாங்கியுடையது, ஒப்பந்தம் எடுத்துக் கட்டியவர் ஆற்காடு நாராயணசாமி முதலியார். 1827இல் எளிய குடும்பத்தில் பிறந்து, பெங்களூர் வந்து, வணிகத்தில் முன்னேறியவர். இந்தக் கட்டடம்தான் அவருக்குப் பெரும் பேரும் பொருளும் கொண்டுவந்தது. அந்தப் பணத்தில் 1873இல் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். அதுதான் அல்சூர் பக்கத்தில் எல்லோரும் அறிந்த ஆர்.பி.ஏ.என்.எம். பள்ளி, ராய் பகதூர் ஆற்காடு நாராயணசாமி முதலியார் என்பதன் சுருக்கம். அங்கே படித்த எத்தனையோ பிள்ளைகள் அந்த எழுத்துகளை விரித்துச் சொல்லத் தெரியாமலே படிப்பை முடித்திருக்கிறார்கள். இனிமேல் நீதிமன்றத்தின் சிவப்புத் தூண்களைப் பார்க்கும்போது, அதில் கிடைத்த லாபம் எங்கே போயிற்று என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

இரண்டாவது, ரோஜாத் தோட்டத்தின் முடிவில் நிற்கும் சேஷாத்ரி ஐயர் நினைவு மண்டபம். 1915 முதல் நிற்கிறது. இன்று மாநில மத்திய நூலகம். பாலக்காட்டுப் பக்கம் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த கு. சேஷாத்ரி ஐயர், 1883 முதல் 1901 வரை மைசூரின் திவான். பதினெட்டு ஆண்டுகள் அந்தப் பதவியில் இருந்திருக்கிறார். ஹெசரகட்டாவிலிருந்து 1894இல் பெங்களூருக்குக் குழாய்த் தண்ணீர் வந்தது அவர் காலத்தில். சிவனசமுத்திரத்தில் காவிரி அருவியிலிருந்து மின்சாரம் எடுத்துக் கோலார் தங்கவயலுக்கு அனுப்பும் திட்டமும் அவருடையதுதான். அந்த மின்சாரம் 1902இல் ஓடத் தொடங்கியபோது அவர் இல்லை. முந்தைய ஆண்டே காலமாகிவிட்டார். சுரங்கத்தில் அந்த வெளிச்சத்தில் வேலை செய்தவர்களிலும் பெரும்பாலோர் தமிழர்களே. 1905இல் அதே மின்சாரம் பெங்களூர்த் தெருக்களுக்கும் வந்தது.

மண்டபத்தின் முன் நிற்கும் அவருடைய சிலை 1913இல் திறக்கப்பட்டது. பெருமை பேசும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. மதராஸ்காரர்களே பெரிய பதவிகளைப் பிடித்துக்கொள்கிறார்கள் என்ற மனத்தாங்கல் மைசூரில் அவர் காலத்திலேயே பலமாக இருந்தது. மைசூர் மைசூர்க்காரர்களுக்கே என்ற குரலும் அப்போதே எழுந்ததுதான். அந்த மனத்தாங்கலுக்கு நியாயம் இருந்தது என்பதே என் எண்ணம். தண்ணீரும் வெளிச்சமும் எல்லோருக்கும் வந்து சேர்ந்தன என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்துச் சொல்பவர்கள் இரண்டு பக்கத்திலும் குறைவு.

கரகத்துக்கும் பூங்காவுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. சித்திரைப் பௌர்ணமி இரவில் நகரத்பேட்டைத் தர்மராயசுவாமி கோயிலிலிருந்து புறப்படும் பெங்களூர்க் கரகம் திரௌபதிக்கு உரியது. அதை எடுப்பவர்கள் திகளர்கள். தோட்டத் தொழிலில் பேர் பெற்ற, தமிழ் வேர் கொண்டதாகக் கருதப்படும் சமூகம். பூங்காவை ஒட்டி ஒரு காலத்தில் சம்பங்கி ஏரி இருந்தது. அதைத் தூர்த்து எழுந்ததுதான் கண்டீரவா விளையாட்டரங்கம். ஏரி போனாலும் கரகச் சடங்குக்கென்று ஒரு சிறு குளத்தை விட்டுவைத்தார்கள். பூங்காவுக்குள்ளேயும் கரகத குண்டே என்ற குளம் இருக்கிறது. செஞ்சி, விழுப்புரம் பக்கத்துத் திரௌபதி அம்மன் தீமிதி பார்த்து வளர்ந்தவர்கள் ஒருமுறை இந்தக் கரகத்தைப் பார்க்க வேண்டும். மல்லிகைப் பூக்கோபுரம் தலையில் அசைய, வாளேந்திய வீரகுமாரர்கள் சூழ, அது நகரத்பேட்டைச் சந்துகளில் வரும்போது எந்த மாநிலத்தில் நிற்கிறோம் என்பதே மறந்துபோகும்.

அரசு அருங்காட்சியகத்தில் நாம் பார்க்க என்ன இருக்கிறது?

கஸ்தூரிபா சாலையில் இருக்கும் சிவப்புக் கட்டடம். அருங்காட்சியகம் 1865இல் தொடங்கியது. இப்போதைய கட்டடம் 1877இல் எழுந்தது. அதுவும் சாங்கியின் கைவேலை. உள்ளே போனவர்கள் பெரும்பாலும் நாணயங்களைப் பார்த்துவிட்டு வெளியே வந்துவிடுகிறார்கள். நான் எல்லோரையும் இழுத்துக்கொண்டுபோய் நிறுத்துவது ஒரே ஒரு கல்லின் முன்னால்: ஆதகூர்க் கல்வெட்டு.

மண்டியா மாவட்டத்து ஆதகூரில் கிடைத்த, பத்தாம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்த பழங்கன்னடக் கல்வெட்டு. தக்கோலப் போர் நினைவிருக்கிறதா? பராந்தகச் சோழனின் மகன் இராசாதித்தன் யானை மேல் இருந்தபடியே உயிர் விட்ட போர். பள்ளிப் பாடத்தில் நாம் படித்தது தோற்ற பக்கத்தின் கதை. வென்ற பக்கத்தின் சாட்சி இந்தக் கல். இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனுக்குத் துணைநின்ற கங்க மன்னன் பூதுகன், இராசாதித்தனைக் கொன்றதாக இது சொல்கிறது.

ஆனால் கல்லில் செதுக்கியிருப்பது அந்தப் போரை அல்ல. ஒரு வேட்டை நாயையும் ஒரு காட்டுப் பன்றியையும். பூதுகனின் வீரன் மணலேரன் போரில் காட்டிய வீரத்துக்குப் பரிசாக என்ன வேண்டும் என்று மன்னன் கேட்க, அவன் பொன்னும் கேட்கவில்லை, ஊரும் கேட்கவில்லை. மன்னனின் ‘காளி’ என்ற நாயைக் கேட்டான். பிறகு அந்த நாய் ஒரு பெரும்பன்றியோடு மோதி, இரண்டும் செத்து விழுந்தன. நாய்க்காகக் கோயில் முன்னால் நடுகல் எழுப்பி, அதற்கு நிலமும் விட்டு, கல்லுக்குப் பூசை செய்யாமல் பூசாரி சாப்பிடக் கூடாது என்றும் எழுதிவைத்தார்கள். சோழ இளவரசன் இறந்த செய்தி அந்த நாயின் கதைக்கு முன்னுரையாக வந்துபோகிறது! சங்கப் பாடல்களில் நடுகல் படித்தவர்களுக்கு இதைவிட நல்ல அரை மணி நேரம் பெங்களூரில் கிடைக்காது.

வழக்கமாகத் திங்கட்கிழமை விடுமுறை. மற்ற நாட்களிலும் திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு கிளம்புவது நல்லது.

பால பவன் ரயில் இன்னும் ஓடுகிறதா?

பால பவன் என்பது பூங்காவுக்குள் சிறுவர்களுக்கென்று இருக்கும் இடம். அங்கே ‘புட்டாணி எக்ஸ்பிரஸ்’ என்று குழந்தைகளுக்கான சிறிய ரயில். அவ்வப்போது பழுதாகி நின்று, மீண்டும் ஓடும். நான் சிறுவனாக இருந்தபோது ஞாயிற்றுக்கிழமையின் உச்சம் அதுதான். அப்பாவுக்குத் தொழிற்சாலையில் ஷிப்டு இல்லாத ஞாயிறாக இருக்க வேண்டும். சித்தப்பா வீட்டுப் பிள்ளைகளும் வர வேண்டும். அம்மா தூக்குச் சட்டியில் புளியோதரை கட்ட வேண்டும். மூன்றும் கூடிவந்தால் பஸ் ஏறுவோம். டிக்கெட் வரிசையில் எங்களுக்கு முன்னால் கன்னடமும், பின்னால் உருதும், பக்கத்தில் தெலுங்கும் கேட்கும். ரயில் கிளம்பியதும் எழும் கூச்சலுக்கு எந்த மொழியும் கிடையாது. ரயில் முடிந்து வெளியே வந்தால் காகிதக் கூம்பில் வேர்க்கடலை, மிளகாய்ப்பொடி தூவிய மாங்காய்க் கீற்று. இரண்டில் ஒன்றுதான் என்று அப்பா சொல்லிவிடுவார். மாங்காய் கேட்ட பிள்ளைகள் கடலை வாங்கியவர்களிடம் கை நீட்டுவதும், கடலைக்காரர்கள் கணக்குப் பார்த்து எண்ணிக் கொடுப்பதும் பஸ் நிறுத்தம் வரை நடக்கும்.

காணும் பொங்கலுக்கும் அப்படித்தான். சென்னையில் கடற்கரைக்குப் போகிறவர்கள் இங்கே எங்கே போவார்கள்? அல்சூர் ஏரிக்கரை இல்லையென்றால் கப்பன் பூங்கா.

பேண்ட் ஸ்டாண்டில் இசை கேட்கலாமா?

எண்கோண வடிவில் வார்ப்பிரும்பால் செய்த மேடை அது. ஒரு காலத்தில் ராணுவ பேண்டு வாசித்தது. இப்போது எப்போதாவது நிகழ்ச்சி நடக்கும். மற்ற நேரங்களில் திருமணப் படம் எடுப்பவர்களின் ராஜ்யம்.

மரங்கள் எப்போது பூக்கும்?

எல்லோரும் நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை பூக்கும் இளஞ்சிவப்பு டபேபுயாவுக்காக வருகிறார்கள். கைப்பேசிகளில் அதுதான் அழகாக விழுகிறது. பின்னாலேயே மஞ்சள் டபேபுயா, மார்ச்–ஏப்ரலில் ஊதா ஜகராந்தா, ஏப்ரல்–மே மாதங்களில் செம்மயிற்கொன்றை. இந்த நான்கில் ஒன்றுகூட நம் நாட்டு மரம் இல்லை. முதல் மூன்றும் அமெரிக்கக் கண்டத்தவை, கடைசி மடகாஸ்கருடையது. என் மனம் போவது மூங்கில் புதர்களின் பக்கம். வெயில் கொளுத்தும் நடுப்பகலிலும் அதனுள் இருட்டும் குளிர்ச்சியும் இருக்கும். பூங்கா முழுவதும் ஏறத்தாழ 6000 மரஞ்செடிகள் என்பது கணக்கு.

பூங்கா சுருங்கிக்கொண்டே போகிறதாமே?

போயிற்று. 100 ஏக்கராகத் தொடங்கி, 300 ஏக்கர் வரை வளர்ந்தது என்பார்கள். இன்று 200 ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. கிளப், டென்னிஸ் அரங்கம், மீன் காட்சியகம், பிரஸ் கிளப், சாலைகள் என்று ஆளுக்கொரு மூலையை எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் நல்ல காரியமாகவே தோன்றும். அங்கேதான் ஆபத்து.

காப்பாற்றியது ஊர்க்காரர்களின் பிடிவாதம். 1982இல் அட்டாரா கச்சேரியையே இடித்துவிட்டுப் புதுக் கட்டடம் கட்டலாம் என்று யோசனை எழுந்தது. எதிர்த்தவர்கள் வழக்குப் போட்டார்கள். எந்தக் கட்டடத்தை இடிக்கலாமா என்று கேட்டார்களோ, அதே கட்டடத்துக்குள்தான் அந்த வழக்கு விசாரணை நடந்தது. முதலியார் கட்டிய சுவர்கள் தப்பின. பூங்காக்களைக் காக்க 1975லேயே மாநிலச் சட்டம் ஒன்று வந்திருந்தும், 1998இல் பூங்காவின் ஒரு பகுதியைச் சட்டப் பாதுகாப்பிலிருந்து விலக்க அரசு முனைந்தபோது மக்கள் தெருவில் இறங்க வேண்டியிருந்தது. சட்டம் இருந்தால் போதும் என்று நினைப்பவர்கள் இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும்.

லால்பாக் பெரியதா, கப்பன் பூங்கா பெரியதா?

பரப்பிலும் வயதிலும் லால்பாக்தான். 240 ஏக்கர், ஹைதர் அலி 1760இல் தொடங்கியது. லால்பாக்குக்குப் பார்க்கப் போவார்கள். கப்பன் பூங்காவுக்கு உட்காரப் போவார்கள். எனக்கு உட்காருவதுதான் பிடிக்கும்.

எப்படிப் போவது? எந்த நாள் நல்லது?

ஊதா வழித்தட மெட்ரோவில் கப்பன் பார்க் நிலையம். 2016 முதல் இயங்குகிறது. வெளியே வந்தால் சின்னசாமி விளையாட்டரங்கம் எதிரிலேயே நிற்கும். கிரிக்கெட் ஆட்டம் உள்ள நாளில் அந்தப் பக்கம் தலை வைக்காதீர்கள். அல்சூர், இந்திராநகர் பக்கத்திலிருந்து வருபவர்களுக்கு மெட்ரோவைவிட எளிதான வழி கிடையாது. மேற்குப் பக்கத்திலிருந்து வந்தால் விதான சௌதா நிலையத்தில் இறங்கி, உயர் நீதிமன்றத்தைச் சுற்றிக்கொண்டு நுழையலாம்.

ஞாயிற்றுக்கிழமை பூங்காச் சாலைகளில் வண்டிகளுக்கு அனுமதி இல்லை. குழந்தைகள் சைக்கிள் பழக அதுவே சரியான நாள். சனிக்கிழமை காலை போனால், பாய் விரித்து ஆளுக்கொரு புத்தகத்தோடு ஒரு கூட்டம் வாய் திறக்காமல் படித்துக்கொண்டிருக்கும். ‘கப்பன் ரீட்ஸ்’ என்று பெயர். யாரும் போய்ச் சேர்ந்துகொள்ளலாம். தமிழ்ப் புத்தகத்தோடு போங்கள். பக்கத்தில் உட்கார்ந்தவர் அட்டையைப் பார்த்துவிட்டு, படிப்பு முடிந்ததும் ‘உங்களுக்கு எந்த ஊர்?’ என்று தமிழிலேயே பேச்சுக் கொடுக்க வாய்ப்பு அதிகம்.

சாப்பாட்டு மூட்டையை மட்டும் எங்கே பிரிக்கலாம் என்று முதலில் காவலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தக் காலம் போல நினைத்த இடத்தில் விரிப்பைப் போட்டு இலை பரப்ப முடியாது. பிளாஸ்டிக் பை வேண்டவே வேண்டாம். மாங்காய்க் கீற்றும் கடலையும் இப்போதும் வாசலுக்கு வெளியே கிடைக்கின்றன.